மணலும் மடிக்கணினியும்

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கையடக்கக் கணினியோ வழங்கப்படும் என்றும், அதற்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் தமிழ்நாட்டின் 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அன்று முதல் கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் சந்திக்கும் மாணவர்களின் பேச்சில் இந்தக் கணினி தவறாமல் இடம்பெறுகிறது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, நினைவகம் எவ்வளவு என்றெல்லாம் ஆர்வத்தோடு விவாதிக்கிறார்கள். அந்த வயதுக்குரிய ஆர்வம்தான். ஆனால், கணினி கைக்கு வந்த பிறகு வகுப்பறையில் பாடம் நடத்தப்படும் முறையில் என்ன மாறப்போகிறது என்ற கேள்வியை மாணவர்களும் எழுப்பி நான் கேட்டதில்லை. ஆசிரியர்களும் எழுப்பிக் கேட்டதில்லை.

இலவசக் கணினியை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. குறிஞ்சிப்பாடியிலோ புவனகிரியிலோ கூலித் தொழிலாளி ஒருவரின் மகள் கல்லூரிக்குச் செல்லும்போது, அவருடன் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் கருவி அவரிடமும் இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. அதைச் சமூக நீதி என்று அழைப்பதிலும் பிழையில்லை. ஆனால், கருவியைச் சமமாகப் பங்கிடுவது வேறு, அதனால் கற்றல் மேம்படுவது வேறு. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானே நிகழும் என்று நாம் நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை நமக்குப் புதியதன்று.

2011 செப்டம்பர் 15 அன்று பள்ளி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இந்த அளவில் இதைச் செய்யவில்லை. திட்டம் தொடங்கிய சில மாதங்களிலேயே, அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டியின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்ததோடு, மின்கம்பங்களும் சாய்ந்தன. நாட்டுக்கே மின்சாரம் தரும் நெய்வேலியைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. நான் அப்போது இம்மாவட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியன். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடு பறந்த வகுப்பறையை விட்டுவிட்டு, விழாமல் நின்ற ஒற்றை வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினோம். ஒரு மாணவன் தன் அண்ணனுக்குக் கிடைத்த புதிய மடிக்கணினியை மழை நனைக்காமலிருக்க நெல் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் காப்பாற்றியதைப் பெருமையோடு சொன்னான். வீட்டில் நனையாமல் தப்பியவற்றில் அதுவும் ஒன்று.

மின்சாரம் திரும்பி வந்தது. ஆகவே, புயலை வைத்துக் கணினியைக் குறை சொல்வது முறையாகாது. மின்சாரம் வந்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மடிக்கணினி பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில் வழங்கப்பட்டது. அதாவது, பள்ளிக்கும் மாணவனுக்குமான உறவு முடியும் தறுவாயில் அது அவன் கைக்கு வந்தது. கணிதமோ இயற்பியலோ நடத்திய எந்த ஆசிரியரும் அந்தக் கணினியை மனத்தில் கொண்டு தம் பாடத்தை மாற்றியமைக்க வேண்டிய தேவையே எழவில்லை. கற்பித்தலோடு தொடர்பில்லாமல் கொடுக்கப்பட்ட கருவி கற்பித்தலை மாற்றவில்லை என்பதில் வியப்பேது? பாட்டும் படமும் பார்க்கப் பயன்பட்டவை பல. விலைக்குப் போனவையும் உண்டு. அதே கணினியில் தட்டச்சும் புகைப்படத் திருத்தமும் தாமாகவே கற்றுக்கொண்டு, அதை மூலதனமாக வைத்து இணைய சேவைக் கடை தொடங்கிய பழைய மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். இன்று அவர் கடையில் இருவர் வேலை செய்கிறார்கள். அந்த மடிக்கணினி அவருடைய கல்விக்கு உதவியதா என்று கேட்டால் விடை சொல்வது கடினம், வாழ்க்கைக்கு உதவியது.

நாம் செய்ததையே பெரு நாடும் செய்தது. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற உலகளாவிய இயக்கத்தின் மிகப் பெரிய களங்களுள் ஒன்று அந்நாடு. அங்கே 319 ஊரகப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணினிகளின் எண்ணிக்கை பலமடங்கு பெருகியும் மாணவர்களின் கணித, மொழித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று கண்டறிந்தது. கணினியை இயக்கும் திறன் வளர்ந்தது. பாடம் அப்படியே நின்றது.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. 2015இல் டெல்லியில், நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கணினிவழிப் பயிற்சி அளிக்கப்பட்டது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை மதிப்பிட்டனர். நான்கரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் மாணவர்கள் அடைந்த முன்னேற்றம் கணிசமானது. காரணம் எளியது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் உண்மையில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு நிலையில்தான் இருந்தார்கள். ஆசிரியரோ ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்த மென்பொருள் ஒவ்வொரு குழந்தையும் எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டறிந்து, அங்கிருந்து தொடங்கியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் பாதி மட்டுமே கணினியின் முன்; மீதி 45 நிமிடம் பயிற்றுநர் ஒருவர் சிறு குழுவாக அமர வைத்துக் கற்றுக்கொடுத்தார். ஆய்வைப் பற்றிப் பேசுவோர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஆசிரியர் அருகில் இல்லாமல் கருவி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலம் நமக்குக் கசப்பாகவே காட்டியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி 2019லேயே தொடங்கப்பட்டிருந்ததால் பாடங்களை ஒளிபரப்ப வழி இருந்தது. வாட்ஸ்ஆப் வழியே வீட்டுப்பாடங்கள் சென்றன. 2021ஆம் ஆண்டு 'அசர்' அறிக்கையின்படி, நாடு முழுவதும் ஊரகப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி இருந்த விகிதம் 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 67.6 சதவீதமாக உயர்ந்தது. ஆனால், திறன்பேசி இருந்த வீடுகளிலும் நான்கில் ஒரு பங்குக் குழந்தைகளின் கைக்கு அது கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் கூடவே போய்விடும். மாலையில் திரும்பும்போது அண்ணனுக்கா தங்கைக்கா என்ற போட்டி. 2020 ஜூலை இறுதியில் இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே, இணையவழி வகுப்புக்குத் திறன்பேசி கிடைக்காத மனவேதனையில் மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் பணியிலிருந்த ஆசிரியர்கள் எவரும் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு காணொலி இணைப்பும் எத்தனை வீடுகளில் பாடமாக அல்லாமல் பழுவாகப் போய்ச் சேர்ந்தது என்று அன்றுதான் உறைத்தது.

பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எழுத்துகளையே மறந்திருந்தார்கள். அவர்களை மீட்டது எது? தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19 ஆயிரம் குழந்தைகளைச் சோதித்து அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர் நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு, துல்லியமாக 24 சதவீதம், 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் விளைந்தது. 2021 அக்டோபரில், நமக்கு அடுத்த விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டம் அது. அதன் கருவி என்ன? தெருவில் வசிக்கும் பெண் ஒருவர், பெரும்பாலும் அந்த ஊரிலேயே படித்தவர், மாலையில் ஒன்றரை மணி நேரம் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ அமர வைத்துக் கற்றுக்கொடுத்தார். மாத ஊக்கத்தொகை ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் இப்படிப் பணியாற்றினார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 லட்சம் பேருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 240 கோடி. கல்லூரிக் கணினிகளுக்கான 2,000 கோடியில் இதை எட்டு ஆண்டுகள் நடத்தலாம். கல்லூரி மாணவரின் தேவையும் தொடக்கப்பள்ளிக் குழந்தையின் தேவையும் வேறு என்பதால் இந்த ஒப்பீடு முழுவதும் நியாயமானதன்று, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பலன் அளவிடப்பட்டு உறுதிசெய்யப்பட்ட திட்டம் படிப்படியாகச் சுருக்கப்பட்டதும், பலன் அளவிடப்படாத திட்டம் மீண்டும் பெருந்தொகையோடு வருவதும் சிந்திக்க வைக்கின்றன. மடிக்கணினியைப் படம் பிடிக்கலாம்; மேடையில் வைத்துக் கொடுக்கலாம். திண்ணையில் ஒரு பெண் 'க', 'ங', 'ச' சொல்லிக்கொடுப்பதை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்?

கணினி மட்டும் போதும், ஆசிரியர் வேண்டாம் என்று வாதிட்டவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் சுகதா மித்ரா. 1999இல் டெல்லிக் குடிசைப் பகுதியின் சுவரில் கணினியைப் பதித்து வைத்து, பிள்ளைகள் தாமாகவே அதை இயக்கக் கற்றதை உலகுக்குக் காட்டியவர். அவருடைய அடுத்த பெரிய சோதனை நம் கடற்கரையில்தான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட காளிக்குப்பம் என்ற தமிழ்ச் சிற்றூரில், ஆங்கிலம் அறியாத 26 பிள்ளைகளிடம் மூலக்கூறு உயிரியல் பாடங்கள் அடங்கிய கணினி ஒப்படைக்கப்பட்டது. ஆசிரியர் இல்லை. சில மாதங்களில், எதுவும் தெரியாத நிலையிலிருந்து 30 சதவீத மதிப்பெண்ணை எட்டினார்கள். வியப்புக்குரிய செய்திதான். ஆனால், அதற்கு மேல் செல்லவில்லை. அப்போது 22 வயது இளம்பெண் ஒருவர் அவர்களோடு சேர்க்கப்பட்டார். அவருக்கு உயிரியல் தெரியாது. கணக்கராக வேலை பார்த்தவர். பிள்ளைகளின் பின்னால் நின்று, "அடடா, இது எப்படி வந்தது? எனக்கும் சொல்லேன்" என்ற விதத்தில் பாட்டிமார் பேரப் பிள்ளைகளிடம் கேட்பதுபோல் கேட்டு ஊக்குவிப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. மதிப்பெண் 50 சதவீதமாக உயர்ந்தது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்றுப் பெற்ற மதிப்பெண்ணுக்கு அது சமம்.

மித்ரா இதைக் கணினியின் வெற்றியாகவே முன்வைத்தார். 26 பேரை வைத்துப் பெரிய முடிவுகளுக்கு வரலாமா என்று ஐயப்படுவோரோடு நானும் உடன்படுகிறேன். ஆனால், அவருடைய எண்களையே எடுத்துக்கொண்டாலும், அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மனிதரை அருகில் அமர்த்தும் இந்த முறை நமக்கு அந்நியமானதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதியை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதமும் மையும் வீணாகாத அந்த எளிய முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். நம்மூரில் அந்த மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். 1797இல் இலண்டனில் பெல் இதை நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. கல்வித் துறையில் இம்மண்ணிலிருந்து உலகுக்குச் சென்ற கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுவே: கொஞ்சம் மணல், பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த ஒருவன்.

இதைச் சொல்லும்போது பழம்பெருமை பேசுவதாகச் சிலர் கருதக்கூடும். திண்ணைப் பள்ளியில் யார் அமர முடிந்தது, யாரால் முடியவில்லை என்பது நமக்குத் தெரியும். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்க வேண்டியிருந்ததே அதனால்தான். நான் மணலுக்குத் திரும்பச் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கத்தில் இருக்க வேண்டிய அந்த ஆசிரியரைத் தொழில்நுட்பம் இப்போது எங்கே நிறுத்தியிருக்கிறது? அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 20 ஆயிரத்துக்கும் அதிகமான திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டுள்ளன. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் தரப்பட்டுள்ளன. 2018 முதல் பாடநூல்களிலேயே விரைவுக் குறியீடுகள் அச்சிடப்படுகின்றன. இவற்றில் நல்லவை பல. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை நான் முப்பது ஆண்டுகள் சுண்ணக்கட்டியால் வரைந்து விளக்கியதைவிட அரை நிமிடக் காணொலி சிறப்பாக விளக்கிவிடுகிறது. ஆனால், பணியிலிருக்கும் இளைய ஆசிரியர்களைச் சந்தித்தால் அவர்கள் காணொலியைப் பற்றிப் பேசுவதில்லை; பதிவேற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வருகைப் பதிவு, உடல்நலக் குறிப்பு, நலத்திட்டப் பொருள் பெற்ற விவரம், மதிப்பீட்டு மதிப்பெண் என எல்லாவற்றையும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டும். சமிக்ஞை கிடைக்காத ஊரில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் நிற்கும் ஆசிரியைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் யாருடைய நேரம்? இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள பள்ளியில் ஒருவர் பதிவேற்றத்தில் இருந்தால், ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில். ஆசிரியர் சங்கங்கள் இதைத் தொடர்ந்து முறையிட்டு வருகின்றன. கற்பித்தலுக்காக வந்த கருவி, கற்பித்ததாகக் கணக்குக் காட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது என்பதே என் வருத்தம்.

கல்லூரிக் கணினிக்குத் திரும்புவோம். 2011இல் இல்லாத ஒன்று இப்போது அந்தக் கணினிக்குள் இருக்கிறது: கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட சோதனை ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். கணிதப் பயிற்சியின்போது சாட்ஜிபிடி போன்ற உரையாடு செயலியைப் பயன்படுத்தியவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் சரியான விடைகளை எழுதினார்கள். பிறகு செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதையே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். விடையைத் தராமல் ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தருமாறு மாற்றியமைக்கப்பட்ட செயலியைப் பயன்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு பெருமளவு தவிர்க்கப்பட்டது. செயலியின் தன்மையை அங்கே தீர்மானித்தவர்கள், மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை அறிந்த ஆசிரியர்கள். 20 லட்சம் கணினிகளைக் கொடுக்கும்போது இந்தப் பணிக்கென ஆசிரியர்களுக்கு நேரமும் பயிற்சியும் கொடுக்கிறோமா என்பதே எனக்குள்ள கேள்வி. கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் அரசுக் கல்லூரித் துறைகளில் இதை யார் செய்வார்கள்?

தொலைவிலிருந்து கற்பது இப்பகுதிக்குப் பழக்கமான ஒன்றே. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. இன்றைய கணினிக்கு ஈடான அன்றைய தொழில்நுட்பம், தபாலில் வரும் அச்சிட்ட பாடக் கட்டு. வேலை பார்த்துக்கொண்டே படித்த ஆயிரக்கணக்கானோரைப் போல நானும் முதுகலையை அவ்வாறுதான் முடித்தேன். கட்டுகளை இரவில் படித்தேன், பாதி புரிந்தது. புரியாத பாதியை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு நேர்முகப் பயிற்சி வகுப்புக்குப் போவேன். அங்கே ஒரு பேராசிரியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஆறு கேள்வியும் ஒரே கேள்விதான், உங்களுக்கு மூன்றாம் பாடம் புரியவில்லை" என்றார். பத்து நாள் வகுப்பில் நான் பெற்றது அந்த ஒரு வாக்கியம். பாடக் கட்டு இல்லாமல் அந்தக் கேள்விகள் எனக்குத் தோன்றியிரா என்பதும் உண்மை. அச்சுக் கட்டைப் பழித்து என்னால் பேச முடியாது; மடிக்கணினியையும் அப்படியே.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழங்கப்படும் கணினிகளின் எண்ணிக்கையை வெளியிடுவதுபோல, அவை வழங்கப்பட்ட கல்லூரிகளில் இரண்டு பருவங்களுக்குப் பிறகு மாணவர்களின் கற்றல் எப்படி இருக்கிறது என்ற மதிப்பீட்டையும் வெளியிட வேண்டும். இல்லம் தேடிக் கல்விக்கு அத்தகைய மதிப்பீடு நடந்ததால்தான் இன்று அதைப் பற்றி உறுதியாகப் பேச முடிகிறது. 50 லட்சம் மடிக்கணினிகளைப் பற்றி அப்படிப் பேச முடியவில்லை.

சென்ற மாதம் கிள்ளைக்கு அருகே ஒரு மீனவர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். முன்பு தன்னார்வலராக இருந்த பெண் ஒருவர் இப்போதும் மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறார். ஊக்கத்தொகை நின்று நாளாகிறது. அவருடைய தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த பழைய மடிக்கணினி, மின்கலம் செத்துப்போய், கம்பி செருகினால் மட்டும் ஓடுகிறது. நிலவு கடல்நீரை ஈர்ப்பது பற்றி ஐந்து நிமிடக் காணொலி ஒன்றைப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் மூடியை மடக்கிவிட்டு, "சரி, நம்ம வாய்க்கால்ல என்னைக்குத் தண்ணி அதிகமா ஏறும்?" என்று கேட்டார். ஒரு சிறுமி எழுந்து, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறும் என்றும், தன் அப்பா அதைப் பார்த்துத்தான் படகைக் கட்டும் இடத்தை மாற்றுவார் என்றும் சொன்னாள். பௌர்ணமிக்கு நிலா எதிர்ப்பக்கம்தானே இருக்கிறது, அப்போது ஏன் ஏற வேண்டும் என்று பக்கத்திலிருந்த பையன் கேட்டான். காணொலியில் அது இல்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையில் மணலைச் சமப்படுத்தி, சூரியனுக்கு ஒரு வட்டமும் பூமிக்கு ஒரு வட்டமும் வரையத் தொடங்கினேன்.